சோதனையும் சபலமும்

உடலைப் பேணவேண்டும் என்ற உறுதி பலருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் பிறந்து, அந்த வாரம் முடிவதற்குள் மறைந்துவிடுகிறது. விடியலில் எழுந்து நடப்பது, எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்ப்பது, யோகாசன வகுப்பில் சேர்வது என்று எல்லாம் உற்சாகமாகவே தொடங்குகின்றன. பிறகு வேறொரு புதுமை கண்ணில் படுகிறது, பழையது கைவிடப்படுகிறது. புதியதை நாடும் இந்த மனம் வளர்ச்சிக்கு வித்தா, அல்லது புலன்களின் அலைச்சலுக்கு இன்னொரு பெயரா? சாதகனுக்கு இது சிறிய கேள்வியன்று. உடலைப் புறக்கணித்தால் சாதனை நடவாது. உடலையே எண்ணிக்கொண்டிருந்தாலும் நடவாது.

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் தம் உடலின்மீதே ஆராய்ந்து, முடிவுகளை மறைக்காமல் எழுதிவைத்தவர் மகாத்மா காந்தி. தம் சுயசரிதைக்கு அவர் ‘சத்திய சோதனை’ என்று பெயரிட்டது அலங்காரத்திற்காக அன்று. அதில் உணவைப் பற்றிய சோதனைகள் கணிசமான இடத்தைப் பெற்றிருக்கின்றன.

1888-இல் சட்டம் பயில லண்டன் சென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. அங்கே அவரை இரண்டு புதுமைகள் ஈர்த்தன. ஒன்று, ஆங்கிலக் கனவானாக மாறும் ஆசை. பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி, பத்துப் பவுனுக்கு பாண்ட் தெருவில் தைத்த மாலை உடை, மூன்று பவுன் கட்டி நடன வகுப்பு, இன்னொரு மூன்று பவுனுக்கு வயலின், பேச்சுப் பயிற்சிக்குத் தனி ஆசிரியர்! நடனத்தில் தாளம் பிடிபடவில்லை. சுமார் மூன்று மாதங்களில் இந்த மயக்கம் தெளிந்தது. கிடைத்த விலைக்கு வயலினை விற்றுவிடும்படி ஆசிரியையிடம் சொல்லிவிட்டார்.

மற்றொன்று, தாயிடம் செய்துகொடுத்த சத்தியத்திலிருந்து பிறந்தது. புலால் உண்பதில்லை என்று வாக்களித்து வந்த இளைஞர், பல நாட்கள் அரைவயிற்றுடன் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அங்கே விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்தார். அதுவரை வாக்குக்காகக் காத்துவந்த விரதம், அன்றுமுதல் அறிவு ஏற்றுக்கொண்ட கொள்கையாயிற்று. பிறகு ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே தயாரித்துக்கொண்டார். வண்டிச் செலவை விட்டு நாளுக்கு எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தார். ஊரிலிருந்து வரவழைத்த இனிப்புகளையும் மசாலாக்களையும் நிறுத்தினார். முன்பு சப்பென்றிருந்த, மசாலாச் சேராத வேகவைத்த கீரை இப்போது சுவைத்தது. சுவை நாவில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான்.

வயலினும் புதியது, கஞ்சியும் புதியது. வயலின் பிறர் கண்ணுக்காக வாங்கப்பட்டது. கஞ்சிக்கோ பார்வையாளர் எவரும் இல்லை. அதற்கு அடியில் ஒரு வாக்கும், சிக்கனமாக வாழவேண்டிய கடமையும் இருந்தன. அதனால் உற்சாகம் வடிந்த நாட்களிலும் அது நின்றது. ஊக்கம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருப்பவர் கவனிக்கவேண்டிய இடம் இது. காந்தியடிகளின் விஷயத்தில் முதலில் வந்தது நடை. அதில் கிடைத்த தெம்பு பின்னால்தான் வந்தது.

ஆனால் எல்லாச் சோதனைகளும் வெற்றி பெறவில்லை. 1893-இல் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவை மட்டும் உண்டு பார்த்தார். சுமார் இரண்டு வாரங்களில் உடல் தளர்ந்தது; நிறுத்திவிட்டார். அந்தத் தோல்வியை மறைக்காமல், அடுத்த ஆண்டு லண்டன் சைவ உணவாளர் இதழுக்கு எழுதி அனுப்பினார். 1929-இல் ஆசிரமவாசிகள் சிலருடன் அதே முயற்சியை மீண்டும் மேற்கொண்டு, நோயுற்று, மீண்டும் கைவிட்டார். வெறும் சபலமாக இருந்திருந்தால், அலுப்பு வந்ததும் அது சொல்லாமல் நழுவியிருக்கும்.

இச்சோதனைகளுக்குத் தூண்டுதல் பெரும்பாலும் நூல்களிலிருந்து வந்தது என்று எண்ணத் தோன்றும். மிக முக்கியமான இரண்டு திருப்பங்கள் வீட்டிற்குள்ளிருந்தே வந்தன. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தியடிகள் வற்புறுத்தினார். உங்களால்கூட அவற்றை விட முடியாது என்று சொல்லிவிட்டார் அந்த அம்மையார். அந்தக் கணமே, ஓராண்டுக்கு இரண்டையும் விட்டேன் என்று அறிவித்தார் கணவர். கஸ்தூரிபா கலங்கி அழுது, தாமே விட்டுவிடுவதாகக் கூறி, சபதத்தைத் திரும்பப் பெறும்படி மன்றாடினார். அவர் இசையவில்லை. இதில் அன்போடு பிடிவாதமும் கலந்திருந்தது என்று சொல்வது தவறாகாது. எனினும் பிறருக்கு விதித்ததைத் தானும் ஏற்றாகவேண்டும் என்ற நியாயம் ஒரு மனைவியின் சொல்லிலிருந்து பிறந்தது.

இரண்டாவது திருப்பம் இன்னும் கடினமானது. 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் பாலைத் துறந்தார். பசுவையும் எருமையையும் பாலுக்காகக் கொடுமைப்படுத்தும் வழக்கமும் அதற்கு ஒரு காரணம். 1918-இல் கேடா மாவட்டத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு, மரணத்தின் விளிம்புவரை சென்றார். 1919 ஜனவரியில், பால் அருந்தாவிட்டால் உடலைத் தேற்ற முடியாது என்றார் மருத்துவர். விரதத்தைக் காட்டி மறுத்தார் நோயாளி. பசுவும் எருமையும்தானே மனத்தில் இருந்தன, ஆட்டுப்பாலுக்குத் தடை ஏது என்று படுக்கையருகிலிருந்து கேட்டார் கஸ்தூரிபா. காந்தியடிகள் இணங்கினார், உயிர் பிழைத்தார்.

அது சரியா? சொல்லளவில் விரதம் காக்கப்பட்டது, அதன் ஆன்மா முறிந்தது என்று அவரே எழுதினார். வாழும் ஆசை, செய்யவேண்டிய பணியின் ஆசை, தம்மை வென்றுவிட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த முள் அவர் நெஞ்சில் நிலைத்தே இருந்தது. ஆனால் அந்த அனுபவத்திற்குப் பிறகு அவர் செய்த ஒன்று போற்றத்தக்கது. தம் பேச்சை நம்பிப் பாலை விட்டவர்கள், நன்மை தெரிந்தாலன்றி, அல்லது தேர்ந்த மருத்துவர் கூறினாலன்றி, அதைத் தொடரவேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். தன் உடலில் செய்த சோதனையைப் பிறர் உடலுக்குச் சட்டமாக்காத அடக்கம் அது. உணவு முறைகளைப் பற்றி உறுதியாகப் பேசுவோர் பெருகியுள்ள காலத்தில் இந்த அடக்கம் அரிதாகவே தென்படுகிறது.

பாரத மரபுக்கு இது புதிதன்று. ஆறாண்டுக் கடுந்தவத்தால் எலும்பும் தோலுமான சித்தார்த்தர், அந்த வழி பயன் தரவில்லை என்று கண்டதும் சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். உடனிருந்த ஐவர் அவரை வழிதவறியவராகக் கருதி விலகிச் சென்றனர். அவர்களின் மதிப்பை இழக்கத் துணிந்த பிறகே போதியடியில் அமர்ந்தார். மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்பதே கீதையின் ஆறாம் அத்தியாயம் காட்டும் நெறி.

1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, காந்தியடிகள் உடல்நலம் பற்றிய ஒரு சிறு நூலை எழுதினார். அதே பொருளில் 1913-இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எழுதியவை முன்பே பரவலாகப் படிக்கப்பட்டிருந்தன. அவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், எழுபத்து மூன்றாம் வயதில் எல்லாவற்றையும் மறுபடி எண்ணிப்பார்த்தார்.

புதியதைக் கற்கும் ஆர்வமும் அவ்வாறே தொடர்ந்தது. 1896-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் இந்தியா நோக்கி வந்தபோது, தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் நெருங்கிப் பழகவேண்டித் தமிழ் கற்கத் தொடங்கினார். அதில் முழுத் தேர்ச்சி கிட்டாதது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கலவரத்தால் சிதைந்த நவகாளியில் கிராமம் கிராமமாக நடந்தபோது, அந்த மக்களின் மொழியான வங்காளத்தை நாள்தோறும் எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. நவகாளியை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. 1948 ஜனவரி 30 அன்று காலை, டெல்லி பிர்லா மாளிகையில் குளித்து முடித்ததும், அன்றைய வங்க எழுத்துப் பயிற்சியைச் செய்தார். பிறகு காலை உணவு வந்தது. அதில் ஆட்டுப்பாலும் இருந்தது.