கையெழுத்துப் போடலாமா?

ஒரு தேய்பிறை அஷ்டமியன்று பைரவர் சந்நிதியில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற சகோதரி ஒருவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகையில் எழுதுகிறவள் என்று தெரிந்துவிட்டால் கோயிலில் இப்படி நடப்பது வழக்கம்தான். குருப்பெயர்ச்சி பற்றிக் கேட்பார்கள். அல்லது மகளின் திருமணத்துக்கு எந்தத் தலத்துக்குப் போகலாம் என்பார்கள். இவர் கேட்டது வேறு.

"எங்க வீட்டு நாய்க்குப் பதினாலு வயசு. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. படுத்த இடத்துல புண்ணு. ராத்திரி முழுக்க முனகுது. டாக்டர், 'ஊசி போட்டுடலாம்மா, சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க'ங்கறார். பைரவரோட வாகனமாச்சே! நான் கையெழுத்துப் போட்டா அந்தப் பாவம் என் குழந்தைங்களுக்கு வந்துடாதா?"

"பைரவர்கிட்ட சொல்லிட்டீங்க இல்லையா, அவர் பார்த்துப்பார்" என்று ஏதோ சொல்லிவிட்டு நழுவி வந்துவிட்டேன். ஏன் நழுவினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கிழட்டு ஜீவன் வாசற்படியில் படுத்திருக்கலாம், இல்லையா?

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் வள்ளுவர்தான் நினைவுக்கு வருவார். திருக்குறளில் 32-வது அதிகாரம் இன்னா செய்யாமை. அடுத்ததே, 33-வது, கொல்லாமை. பிற உயிருக்குத் துன்பம் தராதே, உயிரை எடுக்காதே என்ற இரண்டும் அக்கா தங்கை போல ஒட்டி நிற்கின்றன. வாழ்நாள் முழுக்க இரண்டையும் சேர்த்தே கடைப்பிடித்துவிடலாம், ஒரு சிக்கலும் வராது. ஆனால், பிழைக்க வழியே இல்லாமல் ஒரு நாய் துடிக்கும்போது இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. உயிரை எடுக்காமல் காத்தால், துன்பம் நீள்வதை நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துன்பத்தை நிறுத்தினால், உயிரை எடுக்க வேண்டும். கல்லூரியில் இரண்டு அதிகாரங்களையும் மனப்பாடம் செய்து ஒப்பித்த எனக்கு, இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"அது அதோட கர்மா. இந்தப் பிறவியில அனுபவிச்சுத் தீர்க்கலைன்னா இன்னொரு தடவை பிறந்து அனுபவிக்கணும். நாம குறுக்கே போகக் கூடாது" என்பார் என் அம்மா. பெரியவர்கள் பலரும் சொல்வதுதான். ஆனால், அதே அம்மாதான் எங்கள் மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினார்! காய்ச்சலும் கர்மாதானே? மருந்து கொடுக்கும்போது குறுக்கே போகலாம், வலியை முடிக்கும்போது மட்டும் கூடாது என்றால், எங்கோ கணக்கு உதைக்கிறது. கர்மாவின் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள்தான்.

இந்தச் சங்கடத்தில் காந்திஜியும் மாட்டியிருக்கிறார். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி நோயில் துடித்தது. இனி எதுவும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, காந்திஜியின் சம்மதத்தோடு ஊசி போட்டு அதன் உயிரைப் பிரித்தார்கள். அஹிம்சையைப் போதித்தவரின் ஆசிரமத்திலேயே, அதுவும் ஒரு கன்றுக்கு! நாடு கொதித்தது. கோபக் கடிதங்கள் குவிந்தன. அவரோ எதையும் மறைக்காமல் தன் பத்திரிகையிலேயே எழுதினார். நோயாளியின் உடலைக் கத்தியால் அறுக்கும் வைத்தியர் ஹிம்சை செய்வதாக நாம் சொல்வதில்லையே, அதுபோலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். அவர் சொன்னதால் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அன்று அவரை ஏற்காதவர்களிலும் நல்லவர்கள் உண்டு. ஆனால், யாருக்காக இதைச் செய்கிறோம் என்ற கேள்வியை அவர் தவிர்க்கவில்லை.

அந்தக் கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் இங்கே ஏமாற்றிக்கொள்வது மிகச் சுலபம். புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிறோம், நாய் ஹாலில் சிறுநீர் கழிக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இந்தச் சமயம் பார்த்து, 'பாவம், கஷ்டப்படுகிறது' என்று நமக்குத் தோன்ற ஆரம்பிக்கும். கஷ்டப்படுவது யார்?

அதனால், கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பின்னங்கால் விழுந்துவிட்டாலே முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முதுகெலும்பின் வட்டு நழுவினாலும் கால் விழும். சில வகைகள் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் கட்டுப்படும். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-இல் தொடங்கியது. படுக்கைப் புண்ணுக்கு, தடித்த மெத்தை விரித்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்து, ஈரம் படாமல் துடைத்துவிட்டாலே பாதி வேதனை குறையும். நம் கைவலிக்கு வாங்கி வைத்த மாத்திரையை மட்டும் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இப்யூபுரூஃபன் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

நாய் தன் வலியைச் சுலபத்தில் காட்டாது. அழுதால்தான் வலி என்று காத்திருக்கக் கூடாது. ஓயாத மூச்சிரைப்பு, தொட்டால் உறுமல், மூலையில் போய் ஒளிவது, பிடித்த பிஸ்கட்டைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது எல்லாம் வலியாக இருக்கலாம். எனக்கு ஒரு கால்நடை மருத்துவர் சொன்ன வழி இது: பூஜையறையில் தினசரிக் காலண்டர் மாட்டியிருப்பீர்களே, தாளைக் கிழிப்பதற்கு முன் அதில் ஒரு குறி போடுங்கள். சாப்பிட்டு, வாலாட்டி, உங்களை அடையாளம் கண்ட நாள் நல்ல நாள். இல்லையென்றால் கெட்ட நாள். கிழித்த தாள்களைச் சேர்த்து வையுங்கள். கெட்ட நாள்கள் தொடர்ந்து அதிகமாகிக்கொண்டே போனால், அந்தத் தாள்கள் நமக்குப் பொய் சொல்லாது.

மகாபாரதத்தில் தர்மபுத்திரரின் கடைசி யாத்திரையை நீங்கள் அறிவீர்கள். தம்பிகளும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்துவிட, கூடவே வந்தது ஒரு நாய் மட்டும்தான். தேரோடு வந்த இந்திரன், 'நாயை விட்டுவிட்டு ஏறு' என்கிறான். தர்மர் மறுக்கிறார். நாயை அடித்த கதை ஒன்று அந்த இதிகாசத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. ஜனமேஜயனின் தம்பிகள், தவறு செய்யாத ஒரு நாய்க்குட்டியை அடித்துவிட, அதன் தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. கடைசிப் பகுதியிலோ, ஒரு நாய்க்காகச் சொர்க்கமே வேண்டாம் என்கிறார் ஒருவர்.

தர்மர் என்ன மறுத்தார் என்பதைக் கவனியுங்கள். நாய் என்றென்றும் உயிரோடு இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்றார், அவ்வளவுதான்! 'எனக்குப் பாவம் வேண்டாம்' என்று ஊசிக்குச் சம்மதிக்காமல், கிழட்டு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஏதோ ஒரு கோயில் வாசலில் இறக்கிவிட்டு வருகிறார்கள் சிலர். கொலை செய்யவில்லை என்று அவர்களுக்கு நிம்மதி. என்னைக் கேட்டால், தர்மர் மறுத்த பாவம் அதுதான். வைத்தியம் எல்லாம் பார்த்து, வேறு வழியில்லாமல், அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போடும் கையெழுத்தை அந்தப் பாவத்தோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மடியில் வைத்துக்கொண்டு... அங்கேதான் நான் தவறினேன்.

எங்கள் மணிக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது வயது 13. நான் பி.ஏ. முடித்த வருடம் வந்த தெருநாய்க் குட்டி. என் கல்யாணத்துக்குப் பிறகு சீர்வரிசையோடு சீர்வரிசையாக என்னோடே வந்துவிட்டது. (சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் என்றால் அதற்கு உயிர். உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு விஷமாகலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. நீங்களாவது திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.) மூன்று வாரம் தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். நான்காவது வாரம் அது தண்ணீரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். "உள்ளே வர்றீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர். "என்னால முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் கண்ணை மூடி கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ. நரம்பில் மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தபடியே இருக்கலாம். கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம். அப்போது வலி இருக்காது. நம் குரல் கேட்கும் வரைதான் அது விழித்திருக்கும்.

வெளியே வந்த உதவியாளர் கழுத்துப்பட்டையை என் கையில் கொடுத்தார். "ஒண்ணும் படுத்தலம்மா. கதவையே பார்த்துட்டு இருந்திச்சு" என்றார்.

அன்று சந்நிதியில் நான் ஏன் நழுவினேன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்தச் சகோதரியின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால், அடுத்த தேய்பிறை அஷ்டமிக்கும் அதே தூணருகில்தான் நிற்பேன். காலண்டர் தாள்களை எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கையெழுத்துப் போடும் நாள் வந்துவிட்டது என்றால், நானும் உங்களோடு வருகிறேன். இந்த முறை உள்ளே நிற்கிறேன்.