வெறுமையின் அழகு

ஸ்காட்லாந்தின் வடகரையில், படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மழை, வெயில், மறுபடியும் மழை. பெட்டிஹில்லில் மேகம் விலகியபோது நேவர் ஆற்றின் முகத்துவாரம், மணல், ஆளற்ற குன்றுகள். அந்த வெறுமையையே அழகென்று கொண்டேன்.

மழைக்கு ஒதுங்கிய ஸ்ட்ராத்நேவர் மியூசியத்தில்தான் விஷயம் தெரிந்தது. 1814லும் 1819லும் ஆட்டுப் பண்ணைகளுக்காக அந்தப் பள்ளத்தாக்கின் குடியானவர்களை வெளியேற்றினார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கரைக்குத் தள்ளப்பட்டவர்களில் பலர் குடியேறிய ஊர் பெட்டிஹில். அவர்களுக்குக் கூரை போயிற்று. நான் கூரையோடு வந்து வேடிக்கை பார்க்கிறேன்.

வெளியே வந்தேன். வெயில். குன்றுகளின் அழகு கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. என்னை உறுத்துவது இதுதான். அநீதி தெரிந்தால் ரசனை கூசும் என்று நம்பியிருந்தேன். கூசவில்லை. அப்படியானால் ரசனையிடம் அறத்தை எதிர்பார்ப்பது வீண். பார்ப்பவன் அதைத் தனியாகச் சுமந்து வரவேண்டும் என்று படுகிறது.