துயருற்ற பெற்றோரும் காவலர் கடமையும்

மகவை இழந்த இல்லத்துள் முதலில் நுழையும் அயலார் பல வேளைகளிலும் காவலரே ஆவர். இயற்கைக்கு மாறான மரணமாயின் பிரேத விசாரணை நடத்துவது சட்டம் அவர்மீது சுமத்திய பொறுப்பு. பெற்றோரை ஐயுறுதலும் அதனுள் அடங்கும். ஐயுறக் கடமைப்பட்டவர் ஆறுதலும் அளிக்க இயலுமோ? இவ்வினாவைத் தம்மத்தின் வழிநின்று ஆராய்வோம்.

2021 சனவரியில், திருவனந்தபுரம் மாவட்டம் கோவளத்தை அடுத்த முட்டக்காட்டில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அவளை எடுத்து வளர்த்த பெற்றோர்மீதே ஐயம் விழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு காவலர் தம்மை வதைத்தனர் என்பது அவர்கள் கூற்று. ஓராண்டுக்குப்பின், 2022 சனவரியில், விழிஞ்ஞம் முல்லூரில் மூதாட்டி ஒருவர் கொலையுண்டார். அவ்வழக்கில் பிடிபட்ட தாயும் மகனும் சிறுமியின் சாவுக்கும் தாமே காரணமென ஒப்புக்கொண்டதாகக் காவல்துறை அறிவித்தது. மகளையும் இழந்து, அவளைக் கொன்ற பழியையும் சுமந்த அவ்விருவரின் ஓராண்டை யார் திருப்பித் தருவார்?

காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் சான்றாகாதென 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 சூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் அங்ஙனமே விதிக்கிறது. ஆதலின் வதைத்துப் பெறும் ஒப்புதல் அறத்திற்கும் ஆகாது, வழக்கிற்கும் ஆகாது. மறைந்து நிற்கும் மெய்க்குற்றவாளிக்கே அது நன்மை.

மணிமேகலையில் வரும் கோதமையை நினைவு கூர்வோம். மகன் சார்ங்கலனின் உடலைச் சுடுகாட்டு வாயிலுக்குச் சுமந்து சென்று அவள் கதறியபோது, சம்பாபதி தோன்றி முதலில் நிகழ்ந்ததை வினவினாள், முழுதும் செவிமடுத்தாள். உயிர் மீளாது என்ற மெய்யை மறைத்திலள். தாய் நம்ப மறுத்தபோது சினவாது, தேவர் அனைவரையும் சான்றாக அழைத்துக் காட்டினாள்.

காவலர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறு யாது? மரணச் செய்தியை நேரில் சென்று, அமர்ந்து, குழந்தையின் பெயர் சொல்லி உரைக்கலாம். இவ்வினாக்களை எக்குடும்பத்திடமும் கேட்பது முறையென முன்னரே விளக்கலாம். மகவின் முகத்தை இறுதியாகக் காண வழிசெய்யலாம். புலனாய்வின் நிலையைத் தொண்ணூறு நாட்களுக்குள் தெரிவிக்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே பணிக்கிறது. அதனைத் தாளளவில் முடிக்காது, வீடு தேடிச் சென்று சொல்லலாம். தாம் பிழைத்தது தெரியின், ஐயுற்ற அதே வாயிலில் நின்று பொறுத்தருளக் கேட்கலாம். இவற்றுள் ஒன்றேனும் விசாரணைக்குத் தடையாகாது. கருணை உண்மையைத் தேடுவதற்குத் துணையே. அச்சமற்ற பெற்றோரே நிகழ்ந்தவற்றை முழுதும் நினைந்து கூறுவர்.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. காவலர் ஒருவரை வினவினார் என்றவுடன் அவரைக் குற்றவாளி எனத் தெருவில் பேசுவது நல்வாய்மைக்கு மாறு. அத்தகைய வீட்டைக் கண்டால் நாம் நாவை அடக்கி, கதவைத் தட்டி, உடனிருப்போமாக.