சாவும் சாட்சியமும்

மதத்தின்பொருட்டு உயிர்நீத்தாரைத் தியாகிகள் என்கிறோம். ஆனால், அவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் 'ஷஹீத்' என்னும் அரபுச் சொல்லுக்கும் மூலப்பொருள் 'சாட்சி' என்பதே. 'வேதசாட்சி' என்னும் நமது வழக்கும் அதனையே காக்கின்றது. பொய்க்காகவும் மனிதர் மடிவதுண்டு. ஆதலின், சாட்சியின் மதிப்பை அவர் உரைத்த உண்மையைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

எல் சல்வடோர் நாட்டின் தலைநகரில் அதிமேற்றிராணியாராயிருந்தவர் ஒஸ்கார் றொமேரோ. ஏழை விவசாயிகளைக் கொல்லுமாறு இடப்படும் கட்டளைக்குப் பணியவேண்டாமென, 1980 மார்ச் 23ஆம் திகதி அவர் படைவீரரை வேண்டினார். மறுநாள், பூசை வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்வித்தவரும் தம்மைக் கிறிஸ்தவர் என்றவரே. விசுவாசத்தின்மீதான பகையால் கொல்லப்பட்டவரே வேதசாட்சி என்பது திருச்சபையின் மரபு. எனவே, அவர் மாண்டது விசுவாசத்துக்காகவா, அரசியலுக்காகவா என்னும் வினா எழுந்தது. ஏழைகள் அவரை அன்றே புனிதராகக் கொண்டனர். றோமாபுரி அவரை வேதசாட்சியென ஏற்றது 2015இலேதான்.

அவ்வினாவே பிழையானது என்போம். எளியோர் உயிர்க்காகப் பேசுதல் விசுவாசத்துக்குப் புறம்பெனின், அவ்விசுவாசத்துக்குச் சாட்சி எதற்கு? பிறரைக் கொன்று தானும் மடிபவனுக்கும் இன்று இப்பெயர் சூட்டப்படுகின்றது. அவன் எதற்குச் சாட்சி? அவன் கொன்றவர்களே அவனுக்கெதிரான சாட்சிகள்.