பழைய ஒளியும் இன்றைய மெய்யும்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் முன்னோர். வானத்தை ஆராய்வோர்க்கு இது மிகவும் பொருந்தும்.

பண்டாரவளையின் முகிலற்ற இரவில் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தோன்றும் விண்மீன்கள் யாவும் நமது பால்வீதியைச் சேர்ந்தவை. ஈர்ப்பினாற் பிணைக்கப்பட்ட அவற்றின் ஒளியைப் பிரபஞ்ச விரிவு மாற்றுவதில்லை. மிகத் தொலைவிலுள்ளவற்றின் நிலை வேறு. அங்கிருந்து ஒளி வந்துகொண்டிருக்கையிலேயே இடைவெளி விரிகின்றது. அவ்விகிதத்திலேயே ஒளியின் அலைநீளமும் நீண்டு, ஒளி செந்நிறப் பக்கமாகப் பெயர்கின்றது. இதுவே செம்பெயர்ச்சி. தொலைவு கூடக் கூட இப்பெயர்ச்சியும் கூடும் என்பதை 1929 இல் ஹபிளின் அளவீடுகள் காட்டின.

2022 இல் அறிவிக்கப்பட்ட எயரெண்டெல் என்னும் ஒளிப்புள்ளியிலிருந்து வரும் கதிர் ஏறத்தாழ 1290 கோடி ஆண்டுகள் பயணம் செய்துள்ளது. அதன் அலைநீளம் ஏழு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. ஊதா கடந்த கதிராகப் புறப்பட்டது செங்கீழ்க் கதிராக வந்தடைகின்றது. அவ்விடமோ இன்று ஏறத்தாழ 2800 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ளது.

அவ்வாறாயின் அவ்வொளி பொய்யுரைக்கின்றதா? இல்லை. ஐதரசன் முதலிய மூலகங்களின் நிறமாலைக் கோடுகள் இருக்கவேண்டிய இடம் ஆய்வுகூடத்திலே அறியப்பட்டுள்ளது. அவை எவ்வளவு பெயர்ந்துள்ளன என்பதைக்கொண்டே பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தது என்பது கணிக்கப்படுகின்றது. ஒளி தன் பழமையை மறைப்பதில்லை. அப்பழமையை இன்றைய நிலையெனக் கொள்வோனே தவறுகின்றான்.

மனிதரை மதிப்பிடுவதிலும் இத்தவறு நிகழ்வதுண்டு. 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், ஊவாத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தவனிடமும் அவன் தந்தையின், அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. முன்னோர் கடல்கடந்து வந்தமை மெய்யே. ஆயினும் அவர்கள் புறப்பட்ட இடத்தைப் பேரன் நிற்கும் இடமாகக் கொள்வது எங்ஙனம் நீதியாகும்? இடைப்பட்ட காலத்தில் அவன் வியர்வை சிந்திய மண் அக்கணக்கில் இடம்பெறவில்லை. நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 இன் சட்டம் வழிதிறக்கும்வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

வானியலாளன் திருத்தம் செய்யாது எந்த ஒளியையும் வாசிப்பதில்லை. விண்மீனுக்குக் காட்டும் அந்நேர்மையை அயலானுக்கும் காட்டுவதே அறம்.