எவர் தந்த நேரம்?

நேரமில்லை என்கிறார்கள். எழுத விரும்புவோர் சொல்லுகின்றனர். எழுதத் தொடங்கி இடையிலே விட்டோர் சொல்லுகின்றனர். கம்பளி நூல் வாங்கி வந்து, ஒற்றைக் காலுறையைப் பாதி பின்னி, ஊசியோடு கூடைக்குள் போட்டுவிட்ட நங்கையரும் சொல்லுகின்றனர். நாளொன்றுக்கு ஆயிரம் சொல் எழுதியே தீருவேன் என்று உறுதி பூணுவர். குளிர்காலம் வருமுன் தங்கைக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி முடிப்பேன் என்பர். அதற்குள் உலை கொதிக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் காணும். மின்கட்டணம் செலுத்த இன்றே இறுதி நாள் என்ற நினைவு வந்து குத்தும். இரவு பத்து மணிக்குக் கணக்குப் பார்த்தால் சொல்லும் இல்லை, சட்டையும் இல்லை. மிஞ்சுவது தன் மேலேயே ஒரு சலிப்பு. அந்தச் சலிப்புக்கு மருந்தென்று வருவது, "திட்டமிட்டு வாழக் கற்றுக்கொள்" என்னும் அறிவுரை.

அறிவுரை கூறுவோர் கையில் ஒரு துலாக்கோல் இருக்கிறது. இப்பக்கம் எழுத்து, அப்பக்கம் கைவேலை, நடுவே அன்றாட வாழ்வு. முள் அசையாமல் நிறுத்திவிட்டால் நிம்மதி என்கின்றனர். நிறுக்கட்டும், தோழர்களே, நமக்கு மறுப்பில்லை. ஆனால் நிறுக்கப்படும் நேரம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? விழுவதை நம்பாதவர்கள் நாம். எவரோ தந்த நேரம் அது. தந்தவர் யார், விரும்பித் தந்தாரா, கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பதை ஆராயாமல் துலாக்கோலைத் தூக்குவது, சரக்கு யாருடையது என்று கேளாமல் எடை போடும் வாணிகம்.

ஆங்கில நாட்டு எழுத்தாளர் சிலர் தம் நாட்கணக்கை ஒளிக்காமல் எழுதிவைத்துச் சென்றிருக்கின்றனர். ஆதலால் அவர்களையே கேட்போம்.

அந்தோணி டிராலப் அஞ்சல் துறையிலே அலுவல் பார்த்தவர். அலுவலும் பார்த்தார், வேட்டைக்கும் போனார், 47 நாவல்களும் எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் இருப்பார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்வார். கால்மணிக்கு 250 சொல் என்று தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் எழுதுவார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1883இல், வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். இலக்கு வைத்து எழுதுவோர் இன்றும் அவரைத்தான் எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் அதே பக்கங்களில் அவர் சொல்லும் மற்றொன்றை எடுத்துக்காட்டுவோர் குறைவு. அந்த ஐந்தரை மணிக்கு அவரை எழுப்பியது அவருடைய மனவுறுதி மட்டும் அன்று. வீட்டிலே முதிய குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, காப்பியோடு வந்து எழுப்புவது அவர் வேலை. அத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அவர் தாமதித்ததில்லை. தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அந்த முதியவருக்கே தாம் அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் எழுதினார். நன்றி மறவாத நெஞ்சம், பாராட்டுவோம். ஐந்தரைக்குக் காப்பி வரவேண்டுமெனில் அடுப்பு எத்தனை மணிக்கு மூண்டிருக்கவேண்டும்? அதையும் எண்ணிக்கொள்வோம்.

ஆடவர் கதை இது. பெண் எழுத வந்தபோது நடந்தது என்ன?

நாரிச் நகரில் துணி நெய்விக்கும் தொழில் நடத்திய குடும்பத்திலே பிறந்தவர் ஹாரியட் மார்ட்டினோ. இளமையிலேயே செவித்திறன் குன்றியவர். பிற்காலத்தில் அடிமை முறையை எதிர்த்து எழுதியவர். பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் கோம்ட்டின் மெய்யியலைச் சுருக்கி 1853இல் ஆங்கிலத்தில் தந்தவர். மதப்பற்றில் தொடங்கி, அதனைத் துறந்து வெளியே வந்தவர். நம் தோழர்கள் அறிந்திருக்கவேண்டிய பெயர். அந்நாளில் நடுத்தரக் குடும்பத்துப் பெண் பகல் வேளையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஏட்டோடு உட்கார்ந்து பயில்வது முறையன்று. கூடத்தில் தையலோடு இருக்கவேண்டும். விருந்தினர் வந்தால் பேசவேண்டும். படிப்பும் எழுத்தும் விடியலுக்கு முன்னோ, வீடு உறங்கிய பின்னோதான். பெயர் வெளியிடாமல் ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். அச்சில் வந்த அதனை மருத்துவரான மூத்த அண்ணன், யார் எழுதியதென்று அறியாமலே, வீட்டில் உரக்கப் படித்துப் பாராட்டினார். எழுதியவள் தங்கை என்று தெரிந்ததும் அவர் உரைத்தது இது: சட்டை தைப்பதையும் காலுறைக் கிழிசல் அடைப்பதையும் மற்றப் பெண்களுக்கு விட்டுவிடு, நீ இதற்கே உன்னை ஒப்படைத்துக்கொள்.

எவ்வளவு நல்ல அண்ணன்! அந்தக் காலத்தில் இப்படிச் சொன்ன அண்ணன்மார் எத்தனை பேர்? ஆனால் அந்த வாக்கியத்தை விட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை. மற்றப் பெண்களுக்கு விட்டுவிடு என்றாரே, யார் அந்த மற்றப் பெண்கள்? அவர்களுள் எழுத வல்லவள் ஒருத்தியும் இலளா? அவர்கள் அண்ணன்மார் எங்கே போயினர்? அண்ணனின் காலுறையை அண்ணனே தைக்கலாம் என்பது அந்த நல்ல நெஞ்சத்திலும் ஏன் உதிக்கவில்லை?

1829இல் குடும்பத் தொழில் நொடித்தது. செவி கேளாமையால் ஹாரியட் ஆசிரியப் பணிக்குப் போக இயலாது. பகலெல்லாம் தைத்து விற்றார், இரவில் எழுதினார். பின்னிரவு இரண்டு மணி வரை, சில நாள் மூன்று மணி வரை எழுதிவிட்டு, காலை எட்டு மணி அடிக்கும்போது சிற்றுண்டி மேசையில் இருக்கவேண்டும் என்ற வீட்டுச் சட்டத்துக்கும் கீழ்ப்படிந்தார். இலண்டனில் தங்கி எழுத்துத் தொழிலில் காலூன்ற ஒரு வாய்ப்பு வந்தபோது, வீடு திரும்பு, ஊசியே உறுதியான வருவாய் என்று தாயின் கட்டளை வந்தது, திரும்பினார். 1832இல் பொருளியலைக் கதைகளாக விளக்கும் அவருடைய மாதவரிசை வெளிவரத் தொடங்கி, நாடே அவர் பெயரைச் சொல்லியது. செல்வமும் அதனோடு சேர்ந்த குடும்பப் பெருமையும் போனதே தமக்கு விடுதலை என்று அவர் பின்னாளில் கருதினார். காரணம் எளியது: வறுமை வந்த பிறகுதான் ஒளிக்காமல் எழுத முடிந்தது!

அந்த ஒளிப்பைப் பற்றி அவரே மற்றொரு செய்தி தருகிறார். பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் ஜேன் ஆஸ்டின் தம் கையெழுத்துப் படியின்மேல் மசுலின் தையல் ஒன்றைப் போட்டு மூடுவாராம். எழுத்துக்கு மூடுதுணி தையல்! பேனா பிடித்தால் குற்றம். ஊசி பிடித்தால் குணம்.

ஊசி மட்டும் ஏன் இவ்வளவு நல்ல பெயர் வாங்கியது? பின்னல் வேலையின் இயல்பைப் பாருங்கள். இரண்டு ஊசி, ஓர் உண்டை நூல். வரிசையின் நடுவில் யாராவது அழைத்தால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். திரும்பி வரும்போது கண்ணிகள் ஊசியிலேயே காத்திருக்கும். நழுவிய கண்ணியும் கண்ணுக்குத் தெரியும், மீண்டும் தூக்கிக்கொள்ளலாம். எழுத்து அப்படி அன்று. பாதி வாக்கியத்தில் எழுந்து போனால், மறுபாதி காத்திருப்பதில்லை. ஆகவே, எந்நேரமும் எவரும் அழைக்கலாம் என்ற நிலையில் வைக்கப்பட்டவர்க்கு, இடையீட்டைத் தாங்கும் வேலை ஏற்றதென்று ஒதுக்கப்பட்டது. பிறகு, பெண்ணின் இயல்பே அதுதான் என்று நூல் எழுதினர். வேலியை முதலில் போட்டுவிட்டு, அந்த ஆடு வேலிக்குள் இருப்பதையே விரும்புகிறது என்று சொல்லும் ஆராய்ச்சி!

இதனால் பின்னல் இழிந்த வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கேதான் நம்மவர் பலர் சறுக்குகின்றனர். "இவ்வளவு படித்த பெண், உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாளே, ஒரு கட்டுரை எழுதக்கூடாதா?" என்று கேட்கும் முற்போக்காளரை நான் அறிவேன். கருத்தால் செய்வது மேல், கையால் செய்வது கீழ் என்பது எவர் நமக்குக் கற்றுத்தந்த பாடம்? ஏடு தொடுவோன் உயர்ந்தோன், தறியும் கலப்பையும் தொடுவோன் தாழ்ந்தோன் என்று வகுத்தவர்களின் பாடம் அன்றோ? வருணத்தை வாசலில் எரித்துவிட்டு, அதன் சாம்பலைக் கூடத்தில் பூசிக்கொள்வதா? ஒரு காலுறையின் குதிகாலைத் திருப்பக் கண்ணிகளை எண்ணிக் குறைத்துக் கூட்டவேண்டும். நூலின் இழுவிசை விரலுக்குத் தெரியவேண்டும். அதுவும் அறிவுதான்.

ஆயின் எது விடுதலை, எது தளை? ஒரே பின்னலுக்கு இரண்டு முகமும் உண்டு. யார்க்சயர் மலைப்பகுதியில் டென்ட் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே ஆண், பெண், குழந்தை எல்லாரும் பின்னினர். மாடு ஓட்டும்போதும், சந்தைக்கு நடக்கும்போதும் கை ஓயாது. இடைக்கச்சில் செருகிய மரக்கோலில் ஓர் ஊசியை ஊன்றிக்கொண்டால் நடந்துகொண்டே பின்னலாம். வயிற்றுக்கான வேலை அது. பின்னல் பயில அங்கு அனுப்பப்பட்ட சிறுமியர் இருவர், அந்த ஓயாத வேலையைத் தாங்கமாட்டாமல், மலைவழியே கால்நடையாக வீட்டுக்கு ஓடிவந்த உண்மைக் கதையை அரசவைக் கவிஞர் ராபர்ட் சதே தம் நூலொன்றில் சேர்த்திருக்கிறார். இதே சதேக்குத்தான் இருபது வயதுச் சார்லட் பிராண்டி தம் கவிதைகளை அனுப்பினார். 1837இல் வந்த விடை, இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாகாது, ஆகவும் கூடாது என்பது. தைத்துக்கொண்டிருக்கும்போது, எழுதிக்கொண்டிருக்கலாகாதா என்று தமக்குத் தோன்றுவதுண்டு என்று சார்லட் பணிவாகவே பதிலெழுதினார். பத்தாண்டு கழித்து வந்த 'ஜேன் அயர்' நாவலில் பணிவு இல்லை. பெண்கள் காலுறை பின்னுவதோடு அடங்கிக் கிடக்கவேண்டும் என்போரை அதில் நேரே கண்டித்தார். ஓடிவந்த சிறுமியர்க்கு இரங்கத் தெரிந்த கவிஞர்க்கு, ஓட வழியின்றிக் கடிதம் எழுதிய பெண்ணின் துயர் தெரியவில்லை.

கையிலிருக்கும் வேலையைக் கீழே வைக்கும் உரிமை உண்டா? இதுவே நான் கேட்கும் சோதனை. வைக்கலாம் என்றிருக்கும்போது எடுத்தால் பின்னலும் இன்பமே, சமையலும் இன்பமே. வைக்கக்கூடாது என்றால் கவிதையும் கொத்தடிமைதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்திய அரசு 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தது. ஆறு வயது நிரம்பியோரில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். கழித்துப் பாருங்கள்: 202 நிமிடம். மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். டிராலப் நாளொன்றுக்கு மேசைமுன் எழுதியது மூன்று மணி நேரம்! அது கையில் இருந்தால் எல்லாரும் டிராலப் ஆகிவிடுவர் என்று சொல்லவில்லை. பலர் உறங்குவர், சிலர் பின்னுவர், சிலர் சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பர். அவரவர் நேரம், அவரவர் விருப்பம். ஆனால் நூலகத்தில் அவர்கள் நூல் ஏன் குறைவு என்று கேட்பதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்துவிட்டுக் கேட்போம்.

"பாத்திரம் துலக்கப் போய்விட்டால் இயக்கப் பணி என்னாவது?" என்று ஓர் இளந்தோழர் கேட்பார். பெண்ணுரிமை பற்றி அனல் பறக்க எழுதுபவர்தாம். எழுதும்போது பக்கத்தில் தேநீர் வந்துகொண்டேயிருக்கும். யார் கொண்டுவந்து வைத்தார் என்று நிமிர்ந்தும் பாரார். அவரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர் எழுத்து நமக்கு வேண்டும். ஆனால் டிராலப் தம் குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுன் தனியே எண்ணிக் கொடுத்தார். நம் தோழர் தம் தங்கைக்கு என்ன கொடுத்தார்? பணம் வேண்டாம், நேரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். திங்கள் இரவு அவர் எழுதினால், செவ்வாய் இரவு அடுப்பங்கரை அவருடையது. அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதட்டும், பின்னட்டும், படுத்து உறங்கட்டும். இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பர். வந்துவிட்டன, துவைக்கும் பொறியில் அழுக்குத் துணியை எடுத்துப் போடுவதும், துவைத்ததைக் கொடியில் உலர்த்துவதும், மடித்து வைப்பதும் யார் கை?

நம் படிப்பகங்களுக்கும் இதில் பங்குண்டு. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று அறிவிக்கிறோம். ஏழரைக்குத் தலைமையுரை முடியும், ஒன்பதுக்கு நன்றியுரை. பிறகு, மகளிர் வருகை குறைவாக உள்ளது என்று நடவடிக்கைக் குறிப்பில் வருத்தத்தோடு எழுதுகிறோம். அந்த ஆறு மணிக்கு அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, யார் வீட்டில் அன்றைய இரவுச் சோற்றை யார் வடிப்பது என்பதையும் அதே தாளில், பெயர் போட்டு எழுதிக்கொள்ளலாம். முதல் பெயர் செயலாளருடையதாக இருக்கட்டும்.