அம்மாவின் இன்னொரு கணக்கு

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். ரொம்ப யோசிக்கக் கூடாது, மனதில் வந்ததை அப்படியே எழுத வேண்டும்.

எழுதியாச்சா? இப்போது அந்த ஐந்து வரிகளில் 'எனக்கு', 'என்னை', 'எங்களுக்கு' என்பதெல்லாம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைப்பாள். எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பாள். எங்களைப் படிக்க வைக்க வளையலை அடகு வைத்தாள்...

தப்பே இல்லை. எல்லாம் நிஜம். ஆனால் இது அம்மாவைப் பற்றிய குறிப்பா, அம்மாவிடம் நாம் வாங்கிக்கொண்டதைப் பற்றிய குறிப்பா? பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், இது நம்முடைய நோட்டின் வரவுப் பக்கம். அம்மாவின் நோட்டு இது இல்லை.

ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வது என்றால் என்ன? அவர் நமக்குச் செய்ததை மறக்காமல் இருப்பதா? அவர் யாராக வாழ்ந்தார் என்பதை மறக்காமல் இருப்பதா? இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று இல்லை என்பதற்கு அன்னையர் தினம் பிறந்த கதையே சாட்சி.

அமெரிக்காவில், இன்றைய மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வாழ்ந்தவர் ஆன் ஜார்விஸ். 1832-ல் பிறந்தவர். கணவர் வியாபாரி. ஆன் பெற்றது பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். வளர்ந்து பெரியவர்களானது நாலே நாலு பேர். தட்டம்மை, டைபாய்டு, தொண்டை அடைப்பான் என்று அந்த மலைப்பகுதியில் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவ உலகமே இன்னும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்ன செய்வாள்? அழுவாள். மிச்சமிருக்கும் பிள்ளைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஆன் அதோடு நிற்கவில்லை. 1858-ல், வயிற்றில் ஆறாவது குழந்தையைச் சுமந்துகொண்டு, வெப்ஸ்டர், கிராஃப்டன் உள்பட ஐந்து ஊர்களில் அம்மாக்களைத் திரட்டிச் சங்கம் ஆரம்பித்தார். மருத்துவரான அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர், ஜேம்ஸ் ரீவ்ஸ், கூட நின்றார். சங்கத்துப் பெண்கள் மருந்து வாங்கப் பணம் திரட்டினார்கள். குழந்தைகளுக்குப் போகும் பாலைப் பரிசோதித்தார்கள். அம்மா காசநோயில் படுத்துவிட்ட வீடுகளுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார்கள். வீட்டைச் சுத்தமாக வைப்பது எப்படி என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள்.

1861-ல் உள்நாட்டுப் போர் வந்தது. ஊர் இரண்டுபட்டது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் வடக்குப் படையில், எதிர் வீட்டுப் பையன் தெற்குப் படையில். முகாம்களில் டைபாய்டும் தட்டம்மையும் பரவியபோது, எங்கள் சங்கம் எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லிவிட்டார் ஆன். எந்தச் சட்டை போட்டவனாக இருந்தாலும் சிகிச்சை உண்டு. போர் முடிந்த பிறகும் பகை முடியவில்லை. 1868-ல் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களையும் குடும்பங்களையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து 'அன்னையர் நட்பு நாள்' நடத்தினார். வெட்டுக்குத்து நடக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. நடக்கவில்லை.

'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நாம் சொல்வோம். யோசித்துப் பாருங்கள், அந்தப் பழமொழியில்கூட ஒரு லாபக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆன் விஷயத்தில் அந்த லாபமும் சரியாக வந்து சேரவில்லை. பெற்றதில் பாதிக்கு மேல் மண்ணுக்குள். இருந்தும் ஊரான் பிள்ளையின் பாலைப் பரிசோதிப்பதை அவர் நிறுத்தவில்லை.

1905 மே 9-ம் தேதி ஆன் இறந்தார். இனி மகளின் கதை. பெயர் அன்னா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மாவுக்காக ஒரு நாள் வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1908 மே 10-ம் தேதி கிராஃப்டன் தேவாலயத்தில் முதல் அன்னையர் தின வழிபாடு. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளை கார்னேஷன் பூக்கள் 500 வாங்கி அனுப்பினார். 1914-ல் ஜனாதிபதி வுட்ரோ வில்சன் மே மாத இரண்டாவது ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். ஜெயித்துவிட்டார் மகள்!

ஆனால் எதை ஜெயித்தார்?

ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்று அன்னா பிடிவாதமாக இருந்தார். 'அம்மாக்களின் தினம்' இல்லை, 'அம்மாவின் தினம்'. அவரவர், அவரவர் அம்மாவை நினைக்கும் நாள். வீட்டுக்குப் போங்கள், கடிதம் எழுதுங்கள், வெள்ளைப் பூ அணியுங்கள். அழகான யோசனைதான். ஆனால் அம்மா நடத்தியது சங்கம். அவருடைய சங்கமும் சரி, நட்பு நாளும் சரி, பன்மையில்தான் பெயர் வாங்கின. மனித குலத்துக்கு அம்மாக்கள் செய்யும் சேவைக்காக என்றாவது யாராவது ஒரு நாளை ஏற்படுத்த வேண்டும் என்று ஆன் ஒருமுறை பிரார்த்தனை செய்தாராம். அன்னாவே சொன்னதுதான் இது. மகள் உண்டாக்கிய நாளில் தாய்ப்பாசம் இருந்தது, சங்கம் காணாமல் போயிருந்தது.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. பூக்கடைக்காரர்கள், மிட்டாய்க் கம்பெனிகள், வாழ்த்து அட்டைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அன்னா கொதித்தார். வழக்குப் போட்டார். 1925-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டில் கார்னேஷன் விற்றதைக் கண்டித்துக் கலாட்டா செய்து கைதானார். 1948-ல் ஒரு காப்பகத்தில், கையில் காசில்லாமல் இறந்தார்.

'பாருங்க சார், வியாபாரிகள் எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க' என்பதுதான் இந்தக் கதைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நீதி. எனக்கு வேறு தோன்றுகிறது. வியாபாரிகள் நுழைந்த கதவு எது? அம்மா நமக்குச் செய்ததை மட்டும் எழுதி வைத்தால், அது கடன் ஆகிவிடுகிறது. கடன் என்றால் அடைக்கத் தோன்றும். அடைக்கத் தோன்றினால் கடைக்காரன் பெட்டியோடு வந்து நிற்பான். ஒரு புடவை, ஒரு கேக், கணக்கு நேர்! ஆனால் அடுத்த தெருக் குழந்தைக்குப் போகும் பாலைப் பரிசோதித்த அம்மாவை எந்த கேக் கொடுத்து நேர் செய்வீர்கள்? அங்கே இருப்பது பாதியில் நிற்கும் வேலை. யாராவது எடுத்துச் செய்தால்தான் உண்டு.

அன்னாவைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. ஊருக்கு உழைப்பவர்களின் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். 'எங்கம்மா ஊருக்கெல்லாம் அம்மா, எங்களுக்குத்தான் நேரமில்லை' என்று ஒரு குரல் வரும். அதில் நியாயமான வலி இருக்கிறது. அம்மாவை முழுசாகத் தனக்கே வைத்துக்கொள்ள ஆசைப்படாத பிள்ளை உண்டா? ஆனால் ஆன் வாழ்க்கையைப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்காக அழுத அதே கண்தான் ஊர்ப் பிள்ளைக்காகவும் விழித்திருந்தது. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டால், மிச்சமிருப்பதும் முழு அம்மா இல்லை.

தமிழில் நாம் 'அன்னையர் தினம்' என்று சொல்கிறோம். பன்மை! மகளின் பிடிவாதத்தைத் தாண்டி, தாயின் சங்கத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது நம் மொழி. பெயரில் இருப்பதை நடப்பிலும் கொஞ்சம் கொண்டு வரலாமே?

உங்கள் அம்மாவுக்கும் ஓர் இன்னொரு நோட்டு இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத எதிர் வீட்டு ஆயாவுக்கு பாங்க்கில் செல்லான் பூர்த்தி செய்து கொடுத்திருப்பார். துணைக்கு ஆளில்லாத யாரோ ஒரு பெண்ணுக்காகப் பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும் நாம் காதில் வாங்கியிருக்க மாட்டோம். அம்மா இருந்தால், 'எனக்கு என்ன சமைத்தாய்' என்பதை விட்டு, 'இன்னிக்கு யாரும்மா வந்திருந்தாங்க?' என்று ஒருநாள் கேளுங்கள்.

அம்மா இல்லையா? துக்கம் விசாரிக்க வந்தவர்களில், நமக்கு முகமே தெரியாத யாரோ ஒருவர் வாசல் ஓரமாக நின்று அழுதிருப்பார். சாவு வீட்டு அவசரத்தில் தலையசைத்து அனுப்பியிருப்போம். அந்த நோட்டின் ஒரு பக்கம் அவரிடம்தான் இருக்கிறது. தேடிப் போய்க் கேளுங்கள். அம்மா பாதியில் விட்டுப் போன வேலை என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.